ஒலியில் இல்லாதது

மஞ்சக்குப்பத்தில் அந்த அறைக்கு ஜன்னல் உண்டு,
திறப்பதில்லை.
மேசைமேல் ஒரு மடிக்கணினி, ஒரு ஹெட்போன்,
யாரோ பாதி குடித்துவிட்டுப் போன கலர் சோடா.
"நாற்பத்தொரு கோப்பு மேடம்.
பக்கத்துக்கு எண்பது ரூபாய்.
அப்படியே தமிழில் வேணும்" என்றார்
ஆய்வாளர் தேசிங்கு.

நான் ஜெய்னம்பு. அரபியில் எம்.ஏ.
இதுவரை மொழிபெயர்த்தவை
வளைகுடா வேலை ஒப்பந்தங்கள்,
இறப்புச் சான்றிதழ்கள்,
ஒருமுறை
ஒட்டகத் தீவன மூட்டையின் மேலுறை.

முதல் கோப்பில் ஒரு மலை பேசுகிறது.
அப்படித்தான் தோன்றியது.
அடிவயிற்றுக் குரல். ஒரு வேற்றுமை உருபு பிசகவில்லை.
எங்கள் பேராசிரியர் கேட்டிருந்தால்
நூற்றுக்குத் தொண்ணூறு போட்டிருப்பார்.
பின்னால் எங்கேயோ ஒரு கோழி கொக்கரிக்கிறது.
பதினேழு நிமிடம் யுத்தம்,
பதினேழு நிமிடமும் கோழி.
முட்டையிட்டிருக்க வேண்டும்.

எல்லாத் தலைவர்களும் அபூ.
அபூ என்றால் தகப்பன்.
இன்னாரின் தகப்பன், இன்ன ஊரான்.
சொந்தப் பெயர் ஒருவருக்கும் இல்லை.
அந்த ஊர்களில் இப்போது
வீடுகள் இருக்கின்றனவா, தெரியாது.

ஒன்பதாவதில் ஒரு தகப்பன்
அந்நியப் படையை விரட்டச் சொல்கிறார்.
பதினான்கில் அவருடைய தளபதி
பக்கத்து ஊர்ச் சந்தையையும் சேர்த்துக்கொள்கிறார்.
இருபத்தைந்தில் தளபதியின் ஆள்
முதல் தகப்பனையே மார்க்கம் கெட்டவர் என்கிறார்.
முப்பதில், அவரைக் கொன்றவர்களுக்கு வாழ்த்து.
முப்பத்தொன்றில்
கொன்றவர்கள் இரண்டாகிவிட்டார்கள்.
இருபது வருஷம்.
ஒரே ஃபோல்டரில், அடுத்தடுத்து,
சண்டையில்லாமல் கிடந்தார்கள்.
ஃபோல்டருக்கு அவன் வைத்த பெயர்
'நல்ல பயான்'.

அவன் ஹம்தான்.
பரங்கிப்பேட்டைப் பையன்,
நெல்லித்தோப்பில் ஏ.சி. மெக்கானிக்.
காவலர் டீ வாங்கப் போன இடைவெளியில்
நடைக்கூடத்தில் கேட்டான்:
"லாத்தா, அதுல என்னதான் சொல்றாங்க?"
உனக்குத் தெரியாதா?
"ஓதத் தெரியும். அர்த்தம் தெரியாது.
ஆனா அந்தக் கொரல கேட்டா
யாரோ நம்மளக் கூப்புட்ற மாதிரியே இருக்கும்."

யாரோ தமிழில் நாலு வரி விளக்கம் அனுப்பினானாம்.
அந்த நாலு வரியை நம்பி
பதினோராயிரம் அனுப்பியிருக்கிறான்,
யாருக்கென்று கேட்காமல்.
அந்தப் பணம் எங்கே போய் எதுவாயிற்று என்று
நாற்பத்தொரு கோப்பிலும் இல்லை.

என் தாள்கள் குற்றப்பத்திரிகையின் இணைப்பாகி
அவன் கைக்கு வரும்.
அன்றைக்குத்தான் அவன்
முதன்முதலாக அந்தப் பேச்சைக் கேட்கப்போகிறான்,
என் தமிழில்.
இதை யோசித்ததும் கை நின்றது.
பிறகு ஓடியது.
பக்கத்துக்கு எண்பது ரூபாய்.

முப்பத்தேழில் ஒரு வேத வசனம்.
இழுத்து ஓதுகிறார் தகப்பன்,
ஆயுதம் வரும்வரைக்கும் ஓதி
அங்கே நிறுத்திவிட்டார்.
அடுத்த வசனத்தில் சமாதானம் இருக்கிறது.
ஏழு வயதில், ஜுரத்தோடு,
நான் மனப்பாடம் செய்த வசனம்.
அடிக்குறிப்பாக எழுதிக் கொடுத்தேன்.
தேசிங்கு சிவப்புப் பேனாவால் அடித்தார்,
கோபமாக இல்லை.
"ஒலியில் இல்லாததை எழுதக் கூடாது மேடம்.
நாளைக்கு வக்கீல் உங்களைத்தான்
கூண்டில் ஏத்திக் கேப்பார்."

சரிதான்.
திரும்பப் போட்டுக் கேட்டேன்.
வசனம் முடிந்து, மிரட்டல் தொடங்குவதற்குள்
ஒரு மூச்சு. கோழிகூட இல்லை.
எழுதினேன்:
(இங்கே நான்கு விநாடி மௌனம்.)
அதை அவர் அடிக்கவில்லை.
ஒலியில் இருந்தது.

மாலை, புதுச்சேரி பஸ்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் லாரி ஒன்று படுத்துக்கொள்ள
முக்கால் மணி நேரம் நின்றோம்.
மீன்கூடைக்காரி என் தோளில் தூங்கிப்போனாள்.
வண்டி நகர்ந்து
ரெட்டிச்சாவடி தாண்டும்போது கவனித்தேன்:
என் விரல்கள் கம்பியில் தாளம் போடுகின்றன.
அதே இழுப்பு, அதே நிறுத்தம்.
அர்த்தம் தெரிந்த என் வாய்
சொல் இல்லாமல் முணுமுணுக்கிறது
அந்த மலையின் குரலை.

முள்ளோடையில் இறங்கிவிட்டேன்.
சாராயக்கடை வாசலில் கூச்சல், கெட்ட வார்த்தை,
யாரோ யாரையோ பங்காளி என்று கட்டிக்கொண்டு அழுகிறான்.
அடுத்த பஸ் வரும்வரை
அதையே கேட்டுக்கொண்டு நின்றேன்.